முகம் மேலே தெரியும்படி மடிக்கவும்

கரிச்செம்மல் வெயிலுகந்தமுத்து அண்ணாச்சி தம் மகளின் கல்யாணத்தன்று, காலைப் பந்தி முடிந்த கையோடு காலமானார். அந்த நேரத்தில் அவர் மேடையில் நின்று மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார்.

யாருக்கும் விஷயம் தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை. மண்டபத்துக் குளிர்சாதனங்கள் ஒரே மூச்சில் நின்றன. மைக் ஊமையானது. மின்சாரத்தை நம்பிப் பிழைக்காத நாதஸ்வரக்காரர் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். அப்போது பின்கட்டிலிருந்த சூளை, கல்யாண வீட்டில் பேசக்கூடாத குரலில் பேசியது.

"அன்னாரின் பிரிவால் வாடும் குடும்பத்தாருக்குச் சூளைத்துறை தன் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது."

நாதஸ்வரமும் நின்றது.

சூளையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தாழைக்குளத்தில் மட்டுமல்ல, எந்த ஊர் மண்டபத்திலிருந்தும் குப்பை வெளியே போகக்கூடாது என்று சட்டம் வந்து சில காலம் ஆகியிருந்தது. எச்சில் இலை, வாடிய மாலை, வாசலில் கட்டிய வாழைமரம், தேங்காய் மட்டை எல்லாமே பின்கட்டுச் சூளைக்குள் போகும். அங்கே காற்றுப் படாமல் வெந்து கரியாகும். வேகும்போது வருகிற வாயு அடுக்களைக்குப் போய்ச் சாம்பாரைக் கொதிக்க வைக்கும். கரி வயலுக்குப் போகும். குப்பையை மட்க விட்டாலும் எரித்தாலும் அதிலுள்ள கரி வானத்துக்குத்தான் போகும். சூளையில் வெந்த கரியோ மண்ணுக்குள் பல நூறு வருஷம் கிடக்கும். வானத்துக்கு ஏற வேண்டியதைக் கீழே பிடித்து வைத்தவருக்கு அரசு நன்றி சொல்ல வேண்டுமல்லவா? அதனால் யார் வீட்டு விசேஷமோ அவர் பெயரில் அந்தக் கரி ஏறும். பெயரில் கரி இருந்தால் வீட்டில் மின்விசிறி சுற்றும். கூட இருந்தால் குளிர்சாதனம். நிறைய இருந்தால் கார். புதுசாய்க் கல்யாணம் ஆனவர்கள் தங்கள் பந்தி இலையின் புண்ணியத்தில் முதல் சில வருஷங்களாவது காற்றோட்டமாய்த் தூங்கட்டும் என்பதுதான் சட்டம் போட்டவர்களின் ஆசை.

விசேஷம் யாருடையது என்று முடிவு செய்வதில்தான் வில்லங்கம். முதலில் சூளையில் வேலை பார்த்தவர்களிடம் விட்டார்கள். அவர்கள் எல்லா விசேஷத்தையும் தங்கள் மச்சினன் பெயரில் ஏற்றினார்கள். ஆகவே சூளைக்கே மூளையும், மண்டபம் முழுக்கக் கண்ணும் வைத்துவிட்டார்கள். அது ஆயிரக்கணக்கான பந்திகளைப் பார்த்துத் தானாகவே பாடம் படித்தது. படித்த முதல் பாடம்: எந்த முகம் பெரிதாகவும் அதிகமாகவும் தெரிகிறதோ, அவர் வீட்டு விசேஷம்.

இந்தப் பாடத்தை ஊரில் புரிந்துகொண்ட ஒரே மனிதர் வெயிலுகந்தமுத்து அண்ணாச்சி. மாவட்டக் கரியடக்கக் கழகத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றும் அவரே. ஊரில் எந்த விசேஷம் நடந்தாலும், "கழகத்தின் சார்பில் வாழ்த்து" என்று வாசலை அடைத்து ஒரு பிளக்ஸ் வைப்பார். மணமக்கள் அதன் மூலையில் தபால்தலை அளவில் சிரிப்பார்கள். நடுவில் அண்ணாச்சி கும்பிட்டபடி நிற்பார். கரி முழுதும் அவர் பெயரில் ஏறும். ஊரில் புதுமாப்பிள்ளைகள் பனையோலை விசிறியோடு மல்லாடிக்கொண்டிருக்க, அண்ணாச்சி வீட்டு நாய் போர்வை கேட்டுக் குரைத்தது.

மகள் கல்யாணத்தில் சும்மா இருப்பாரா? இலையிலேயே முகத்தை அச்சடிக்கச் சொல்லிவிட்டார். ஏதோ பாராட்டு விழாவில் ஆளுயர மாலையோடு எடுத்த படம். ஒளியால் சுட்டு அச்சடிக்கிற புது இயந்திரம் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. அச்சடித்தவர்தான் சாப்பாட்டு ஞானம் இல்லாதவர். இலையின் பின்புறத்தில், அதுவும் சாப்பிடுகிறவர் பக்கம் இருக்கிற பாதியில் அடித்துவிட்டார். சாப்பிட்டு முடித்து, கல்யாண வீட்டு வழக்கப்படி மேல்பாதியைத் தன் பக்கமாக இழுத்து மூடினால் அண்ணாச்சியின் முகம் மேசையோடு ஒட்டிக்கொள்ளும். யார் கண்ணிலும் படாது. சூளையின் கண்ணிலும் படாது.

அண்ணாச்சி யோசித்தார். யோசித்த வேகத்தில் பந்திக் கூடம் முழுக்க எழுதி ஒட்டச் சொன்னார்: 'முகம் மேலே தெரியும்படி மடிக்கவும்.'

அதாவது, தன் பக்கமுள்ள பாதியைத் தூக்கி எதிர்ப்பக்கமாக மூட வேண்டும். துட்டி வீட்டில், அதாவது சாவு வீட்டில்தான் அப்படி மூடுவார்கள். பெரியவர்கள் சிலர் இலையைத் தொடாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆனால் சாப்பாடு போட்டவர் சொல்கிறார், மடித்தார்கள். வரிசை வரிசையாக இலைகள் மூடின. ஒவ்வொன்றின் மேலும் அண்ணாச்சி மாலையோடு சிரித்தார். பார்க்க அவருக்கே கண் கலங்கியது.

சூளையும் பார்த்தது. மாலை போட்ட படம். எதிர்ப்பக்கம் மடித்த இலை. அதற்குத் தெரிந்தவரை இதற்கு ஒரே ஒரு பொருள்தான்.

"என்னடே சொல்லுது அது?" என்றார் அண்ணாச்சி, வேலை செய்யாத மைக்கில்.

மாப்பிள்ளை மாசானம் பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடிப் போய்த் திரும்பினான். அவனுக்குச் சூளைத்துறையில்தான் வேலை. ஊர் ஊராய்ப் போய்ச் சூளைக்குழாய் அடைப்பெடுப்பவன்.

"மாமா, தப்பா நெனைக்காதீய. நீங்க செத்துட்டீய."

"ஏல!"

"நான் சொல்லல மாமா. சூளை சொல்லுது. ஒங்க பேர மூடிருச்சு. இனிமே ஒங்க பேர்ல காரும் ஓடாது, ஏசியும் ஓடாது. மண்டபமே ஒங்க பேர்லதான ஓடுச்சு, அதான் எல்லாம் நின்னுபோச்சு."

"நீ அந்தத் துறையிலதான இருக்க? மாத்து!"

"நான் கரி வாருற ஆளு மாமா. முடிவெடுக்கது அது."

அண்ணாச்சி தாமே பின்கட்டுக்குப் போனார். சூளையின் கண்ணுக்கு நேரே நின்று நெஞ்சில் தட்டினார். "நல்லாப் பாரு! நான் உசிரோட இருக்கேன்!"

சூளை சிறிது நேரம் பார்த்தது. "அன்னாரின் சகோதரருக்கு எங்கள் ஆறுதல்கள்" என்றது. "தாங்கள் அவரைப் போலவே இருக்கிறீர்கள். மனத்தைத் தேற்றிக்கொள்ளவும்."

அதற்குள் முன்கட்டில் வேறு பிரச்சினை எழுந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் கொம்பையா மணவறைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சம்பிரதாயம் என்றால் உயிரை விடுவார். அடுத்தவர் உயிரையும் கேட்பார்.

"தீட்டு. பொண்ணப் பெத்தவரு தவறிட்டாரு. ஒரு வருஷத்துக்குக் கல்யாணம் கெடயாது."

"அண்ணே, அந்தா நிக்காவ பாருங்க, வேட்டியக் கட்டிக்கிட்டு!" என்றாள் அண்ணாச்சியின் மனைவி தங்கபுஷ்பம்.

"நிக்கலாம் தங்கச்சி. அரசாங்கம் இல்லேன்னு சொல்லுது. இல்லாத மனுசன் கையால தாரை வார்த்துக் குடுத்தா அந்தக் கல்யாணம் செல்லுமா? நாளைக்கு ஒருத்தன் கேப்பான்லா?"

"நான் காலேலதான் குங்குமம் வச்சேன். அத இப்ப அழிக்க முடியாது" என்று சொல்லிவிட்டுத் தங்கபுஷ்பம் வெற்றிலைத் தட்டை எடுக்கப் போனாள். அவள் போன் அதற்குள் மூன்று முறை சிணுங்கியிருந்தது. விதவைகளுக்கான உதவித்தொகை உடனடியாக அனுமதிக்கப்பட்டிருந்தது. அரசு இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்து அவள் பார்த்ததே இல்லை.

மணப்பெண் பிரம்மசக்தி அலங்கார அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இது அவளுக்கு வைத்த நாலாவது முகூர்த்தம். முதல் முகூர்த்தம் அமைச்சர் வர முடியாததால் தள்ளிப்போனது. இரண்டாவது, அப்பாவுக்குக் 'கரிச்செம்மல்' பட்டம் கொடுக்கிற தேதியில் விழுந்ததால். மூன்றாவது, இலையில் அச்சடிக்கும் இயந்திரம் வந்து சேராததால். இந்த முறையும் தள்ளினால் சம்பந்தமே வேண்டாம் என்று கொம்பையா மூன்றாவது தள்ளிப்போன அன்றே சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிற மனிதர். மாசானமோ தாய்மாமன் பேச்சை மீறாத பிள்ளை. அவன் முகம் இப்போதே அடைப்பெடுத்த குழாய் மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சூளை மறுபடி பேசியது.

"மறைந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு. வெயிலுகந்தமுத்து அவர்கள் இவ்வூரில் நூற்றுக்கும் மேற்பட்ட முறை திருமணம் செய்துகொண்டார்."

தங்கபுஷ்பம் வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"பல முறை காது குத்திக்கொண்டார். எண்ணற்ற புதுவீடுகளில் குடியேறினார். வளைகாப்புகள் பல கண்டார். தாழைக்குளம் வரலாற்றிலேயே அதிக முறை பூப்பெய்தியவர் அன்னாரே."

பந்திக் கூடத்தின் மூலையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை. ஒரு நொடியில் மண்டபமே வெடித்துச் சிரித்தது. நாதஸ்வரக்காரர் ஊதுகிற சீவாளியைக் கையில் எடுத்துக்கொண்டு குலுங்கினார்.

"எது எப்படியாயினும்" என்று சூளை தொடர்ந்தது, "ஒரே நபர் இத்தனை முறை பூப்பெய்துவது இயற்கைக்கு ஒவ்வாதது என இறுதி ஆய்வில் தெரியவருவதால், அன்னாரின் பெயரிலிருந்த கரி அந்தந்த விசேஷத்தின் குடும்பங்களுக்கே திருப்பி அளிக்கப்படுகிறது. ஓம் சாந்தி."

"ஏ, எங்க வீட்டு பேன் சுத்துதாம்!" என்று போனைப் பிடித்தபடி ஒருத்தி கத்தினாள். "மாமியா பேசுதாவ! கல்யாணமாயி மூணு வருஷம் கழிச்சிச் சுத்துது!" அந்தப் பக்கம் இன்னொருவன் எழுந்து நின்று துண்டைச் சுழற்றினான். ஒரு மனிதர் இறந்து ஊர் இவ்வளவு மகிழ்ந்ததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதுவும் அவர் எதிரிலேயே.

அண்ணாச்சி இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவர் தம் போனில் மூழ்கியிருந்தார். ஊரிலுள்ள மின்பதாகைகள் எல்லாம் தாமாகவே கறுப்பு வெள்ளைக்கு மாறி, அவர் படத்தோடு 'கண்ணீர் அஞ்சலி' என்று ஒளிர்ந்தன. அவற்றைப் படமெடுத்துக் கழகத்தார் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"யம்மா சக்தி, இங்கன வா. இதப் படி" என்றார். "தளவாய் போட்டிருக்கான்! இருபது வருஷமா எனக்கு எதிரா நின்ன தளவாய்! 'ஈடு செய்ய முடியாத இழப்பு'ன்னு போட்டிருக்கான். உசிரோட இருக்கையில ஒரு வணக்கம் சொல்லியிருப்பானா?"

"எப்பா."

"பேருந்து நிலையத்துக்கு எம் பேரு வைக்கப் பேசுதாவளாம். செலை கூட வைக்கலாம்னு யாரோ சொல்லியிருக்காவ. மார்பளவா முழு உருவமான்னுதான் முடிவாகல."

"எப்பா, முகூர்த்தம் போவுது."

"கொஞ்சம் பொறு தாயி. செலைக்கு எடம் முடிவாயிரட்டும். பொறவு உசிரோட வந்தா எடுக்கவா போறாவ?"

பிரம்மசக்தி அப்பாவின் கையிலிருந்து போனை வாங்கினாள். பிடுங்கவில்லை, வாங்கினாள்.

"எனக்குத் தாரை வார்த்துக் குடுக்க அப்பா வேணும். செலை குனிஞ்சு சொம்பத் தூக்குமா? நீங்க செத்துப்போன அப்பான்னா சொல்லிருங்க, நான் உள்ள போயி மாலையக் கழட்டிட்டு அழுதுக்கிடுதேன். இருக்கீயன்னா வாங்க."

அண்ணாச்சி மகளைப் பார்த்தார். இந்த நாலு முகூர்த்தத்திலும் அவள் நெற்றிச்சுட்டியை அவர் இப்போதுதான் பார்த்தார் போலிருந்தது. அது லேசாகச் சாய்ந்திருந்தது. சரி செய்ய யாருக்கும் நேரமில்லை.

"ஏ மாப்ள" என்றார் மாசானத்தைப் பார்த்து. "நான் எப்படிடே உசிரோட வாரது?"

மாசானம் தயங்கினான். "ஒரு வழி இருக்கு மாமா. அடுத்த பந்தி எலையப் பாத்தா அது மறுபடி யோசிக்கும். எல்லாரும் தன் பக்கமா மடிச்சிருந்தா, இது கல்யாண வீடுன்னு ஒத்துக்கிடும்."

"அவ்வளவுதான? வேற எலையில போடச் சொல்லு."

"வேற எலை இல்ல மாமா. வந்த லோடு பூரா ஒங்க மூஞ்சிதான். தன் பக்கமா மடிச்சா..." அவன் மேசையைக் காட்டினான். "மூஞ்சி அடியில போயிரும். மேசையில தேச்சு, வழிஞ்ச சாம்பாரெல்லாம் அதுலதான் ஒட்டும். மூஞ்சி அடியில போனாத்தான் நீங்க உசிரோட இருப்பீய."

அண்ணாச்சி தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "சாப்பிட்டவன் மறுபடி எப்படிச் சாப்பிடுவான்? வெறும் எலைய மடிச்சு அனுப்பினா?"

"எச்சி எலையாத்தான் இருக்கணும். அது மோந்து பாக்கும்."

அந்தக் கவலை தேவைப்படவில்லை. பதாகையைப் பார்த்த ஊர்க்காரர்கள் துட்டி கேட்க வந்து வாசலில் குவிந்துகொண்டிருந்தார்கள். பலர் காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படாதவர்கள். முதல் ஆளாகத் தளவாய், இரண்டு பேர் தூக்கி வருகிற மாலையோடு உள்ளே வந்தார். வந்தவர் உடலை எங்கே கிடத்தியிருக்கிறார்கள் என்று தேடினார். சாம்பார் வாளியோடு எதிரே வந்த அண்ணாச்சியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இருக்கீயளா?"

"இருக்கேன். உக்காரும். ரெண்டு இட்லி சாப்பிடும்."

"இந்த மாலைய என்ன செய்யட்டும்?"

அண்ணாச்சி தலையைக் குனிந்தார். தளவாய் விவரம் புரியாமலே மாலையைப் போட்டார். இருபது வருஷத்தில் முதல் முறை. இரண்டு பேருக்குமே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பந்தி நிறைந்தது. மைக் இல்லை. அண்ணாச்சி ஒவ்வொரு இலையாகக் குனிந்து பரிமாறினார். பொங்கல் வைத்துவிட்டு, "அய்யா, முடிச்சதும் உள்பக்கமா மடிங்க" என்றார். சாம்பார் ஊற்றிவிட்டு, "யம்மா, உள்பக்கமா" என்றார்.

"மடிச்சா ஒங்க மூஞ்சி தெரியாதே அண்ணாச்சி?" என்று ஒருவர் வேண்டுமென்றே கேட்டார்.

"தெரியாண்டாம்."

"மேசையில தேயுமே?"

"தேயட்டும்யா. அது என்ன எம் மூஞ்சியா? வாழ எலதான?" என்று சொல்லிவிட்டு, தாம் சொன்னதைத் தாமே வியந்து அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

துட்டிக்கு வந்தவர்கள் வயிறு நிறைந்து, தங்கள் பக்கமாக இலைகளை மூடினார்கள். வெறும் பச்சை இலைகள், வரிசை வரிசையாக. ஒரு முகமும் இல்லை. சூளை தானே ஓட்டுகிற ரப்பர் பட்டை அவற்றைச் சுமந்துகொண்டு பின்கட்டுக்கு நகர்ந்தது. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் காத்திருந்தார். கொம்பையா நாற்காலியை விட்டு எழவில்லை.

சூளை மோந்தது. பார்த்தது. வாசலில் பிளக்ஸின் மூலையில் தபால்தலை அளவில் சிரித்துக்கொண்டிருந்த இரண்டு முகங்களையும் முதல் முறையாகப் பார்த்தது போலும்.

"நிறைவான விருந்து" என்றது. "மணமக்கள் பிரம்மசக்தி, மாசானமுத்து இருவரும் வாழ்க. இன்றைய கரி இவர்கள் பெயரில்."

குளிர்சாதனம் ஓடத் தொடங்கியது. மேளம் அதற்கு முன்பே முழங்கிவிட்டது. கொம்பையாவே நாற்காலியைத் தூக்கி ஓரமாகப் போட்டார். அண்ணாச்சி தளவாய் போட்ட மாலையைக் கழற்றாமலே மகளின் கையைப் பிடித்துத் தாரை வார்த்தார். சொம்பு அதிகமாய்ச் சாய்ந்து, பாதித் தண்ணீர் மாப்பிள்ளையின் மடியில் விழுந்தது. தாலி ஏறியது. பிரம்மசக்தி நெற்றிச்சுட்டியைத் தானே நேராக்கிக்கொண்டாள்.

மூன்றாவது முடிச்சைப் போட்டுவிட்டு நாத்தனார் நிமிரவில்லை, சூளை பேசியது.

"வாழ்த்துகள்! பிரம்மசக்தி அவர்களுக்கு இன்று ஆண் குழந்தை பிறந்துள்ளது."

நாதஸ்வரம் மறுபடியும் நின்றது.

"மாசானம்!" என்று கொம்பையா கர்ஜித்தார். "தாலி கட்டி நிமிரலியேடே!"

"மாமா, மாமா, இருங்க!" மாசானம் சேலைத் தலைப்போடு முடிச்சுப் போட்டிருந்த அங்கவஸ்திரத்தை மறந்து பின்கட்டுக்கு ஓட, பிரம்மசக்தியும் இழுபட்டு ஓடினாள். இருவரும் திரும்பி வந்தபோது சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு முட்டியது.

"செத்தவங்கள எழுப்ப அதுக்குச் சொல்லிக் குடுக்கல மாமா" என்றான் மாசானம் கொம்பையாவிடம். "ஆனா மண்டபத்துல உசிரோட ஒரு ஆளு சுத்துதாரு, அவரு பேரு எங்கயும் இல்ல. அப்போ புதுசாப் பொறந்தவருன்னுதான அது நெனைக்கும்? கைய யாரு புடிச்சிருக்கான்னு பாத்திருக்கு. மாமனாரு சக்தி கையப் புடிச்சிருந்தாவ. தாயின்னு முடிவு பண்ணிருச்சு."

அண்ணாச்சி வாயைத் திறந்தார். பிரம்மசக்தியின் போன் சிணுங்கியது. முதல் தடுப்பூசிக்குக் குழந்தையை எப்போது கொண்டுவருகிறீர்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டிருந்தார்கள்.

"அப்போ மாமனாரு எனக்கு மகனா?" என்றான் மாசானம் மெதுவாக.

"பேரப்புள்ள நல்லா எடையோட பொறந்திருக்கு" என்றாள் தங்கபுஷ்பம். சூளை சொன்ன நூறு கல்யாணத்துக்கு அவள் வைத்திருந்த பதில் அது.

"குழந்தையின் பெயரைச் சொல்லவும்" என்றது சூளை.

அண்ணாச்சிக்குப் பழைய தெம்பு வந்தது. மாலையைச் சரிசெய்து, தொண்டையைச் செருமி, "கரிச்செம்மல், கழகத் தலைவர், செயலாளர்..." என்று தொடங்கினார்.

"தாய் மட்டும் சொல்லவும்."

எல்லாரும் பிரம்மசக்தியைப் பார்த்தார்கள். அவள் அப்பாவைப் பார்த்தாள். வேட்டி முழுதும் சாம்பார். நெற்றியில் வியர்வை. அடுத்தவர் போட்ட மாலை.

"முத்து" என்றாள்.

அவருடைய ஆத்தாளுக்குப் பிறகு அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மறுத்துப் பேசப் போகிறார் என்று கழகத்தார் காத்திருந்தார்கள். அவர் மூக்கை மாலையில் துடைத்துக்கொண்டார்.

சூளையின் அடிக்கதவும், பக்கத்திலிருந்த கன்று அறைக் கதவும் திறந்தன. பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் துறை கொடுக்கிற சீர் வெளியே வந்தது. ஒரு வாழைக்கன்று, அதை ஊன்றுவதற்கு ஒரு சாக்குக் கரி. காலைப் பந்தியில் போன இலைகளின் கரி அது. இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. எத்தனையோ மாலை போட்ட முகங்கள் அதில் வெந்திருந்தன. கையால் அள்ளிப் பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு.

மத்தியானப் பந்தி மூன்று முறை நடந்தது. துட்டிக்கு வந்தவர்களில் ஒருவர்கூட வீட்டுக்குப் போகவில்லை. அண்ணாச்சி கடைசிப் பந்தியில் தளவாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். ரசம் விட்டு, மோர் விட்டு, முடித்து, மேல்பாதியைத் தன் பக்கமாக இழுத்து மூடி, அழுத்தியும் விட்டார்.

வெயில் தாழ்ந்த பிறகு மண்டபத்தின் பின்னால் குழி தோண்டினார்கள். கரியை அவரே கொட்டினார். கன்றை மகள் பிடித்துக்கொண்டாள். மண் தள்ளி, மிதித்து முடித்ததும் அவர் அங்கேயே நின்று எதையோ யோசித்தார்.

"சக்தி, இந்தக் கன்னுப் பக்கத்துல ஒரு சின்னப் பலகை..."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல தாயி" என்றார் அவசரமாக. "ஒரு சின்னப் பலகை கெடந்துச்சுன்னா, அது மேல நின்னு தண்ணி ஊத்தலாம்லா. சகதியா இருக்கே, அதுக்குச் சொன்னேன்."